பெண்ணோடு போன வலது கதவு

எங்கள் ஊரில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது அவள் படுத்து எழுந்த அறையின் ஜன்னலில் வலது கதவைக் கழற்றி அவளோடு அனுப்பிவிடுவோம். இடது கதவு பிறந்த வீட்டிலேயே இருக்கும். போன இடத்தில் அவள் வலது கதவைத் திறந்தால் இங்கே இடது கதவு கிறீச்சிடும். வீட்டு ஜன்னல்கள் ஏன் கிறீச்சிடுகின்றன என்று வெளியூர்க்காரர்கள் என்னிடம் கேட்பதுண்டு. காரணம் இவ்வளவுதான்.

வேறு காரணங்களும் இல்லாமல் இல்லை. ஐப்பசி மழையில் மரம் உப்பும். கீலில் துரு ஏறும். திருகாணி தளர்ந்து கதவு ஒரு நூல் இறங்கிச் சட்டத்தில் உரசும். இதற்கெல்லாம் மருந்து இருக்கிறது. உப்பிய இடத்தை இழைப்புளியால் இரண்டு இழுப்பு இழைக்கலாம். உரசும் விளிம்பில் மெழுகுவர்த்தியைத் தேய்க்கலாம். கீல் முள்ளை உருவித் துடைத்து ஒரு சொட்டு மெஷின் ஆயில் விடலாம். தேங்காய் எண்ணெய் விடுகிற மகராசர்களும் உண்டு. அது தூசியைக் கூட்டிக்கொண்டு வந்து மூன்றாம் மாதம் கீலை அடைத்துவிடும். பிறகு என்னைத்தான் கூப்பிட வேண்டும்.

என் பெயர் மந்திரமூர்த்தி. ஜன்னல் வேலை பார்க்கிறேன். என்னைத் தேடி வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சத்தத்தை நிறுத்தச் சொல்லி வருவதில்லை. "அண்ணாச்சி, நாலு நாளா சத்தம் அமுங்கிக் கேக்கு, என்னன்னு பாருங்க" என்றுதான் வருவார்கள். நானும் போய்த் துருவைச் சுரண்டி, உரசலை எடுத்து, அந்தப் பெண்ணின் சத்தத்தை மட்டும் விட்டுவைத்துவிட்டு வருவேன்.

காலையில் எங்கள் தெருக்களில் நடந்தால் ஒவ்வொரு வீடாகக் கிறீச்சிடும். உள்ளே யாராவது ஒருவர் "எந்திரிச்சிட்டா" என்பார். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் அடுப்பு பற்றும். சத்தம் நீளமாக வந்தால் பெண் நன்றாகத் தூங்கி எழுந்திருக்கிறாள். வெடுக்கென்று வந்தால் வீட்டுக்காரரோடு சண்டை. வீட்டுக்காரரே திறந்தால் இரண்டு துண்டாக வரும். ஆண்கள் எந்த ஜன்னலையும் ஒரே தள்ளில் திறந்ததாகச் சரித்திரம் இல்லை. போன் எல்லா வீட்டிலும் இருக்கிறது. போனில் எல்லாப் பெண்களும் "நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்லுகிறார்கள். அதனால் அதைப் பேசுவதற்கு மட்டும் வைத்திருக்கிறோம்.

எனக்குப் பெண் பிள்ளை இல்லை. என் வீட்டு ஜன்னல்களுக்கு இரண்டு கதவும் இருக்கின்றன. அவை சத்தம் போடுவதில்லை. அதைப் பற்றி நானும் என் மனைவி நாச்சியாரும் பேசிக்கொள்வதில்லை.

ஐப்பசி பிறந்து நான்காம் நாள், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த காலை நேரத்தில், பிரமு அம்மாள் ஆள் அனுப்பினார். மாவு மில் வைத்திருக்கிறவர். புருஷன் போன பிறகு மில்லையும் ஒரே மகள் சங்கரியையும் தனியாக நின்று வளர்த்தவர். மில் ஓடும்போது வாசலில் இடி விழுந்தாலும் அவருக்குக் கேட்காது. ஜன்னல் கிறீச்சிட்டால் கேட்கும்.

போனேன். சங்கரியின் அறை ஜன்னலுக்குக் கீழே செங்கல் அடுக்கியிருந்தது. பக்கத்தில் ஒரு மூட்டை சிமெண்ட், பாலிதீன் தாளால் மூடியிருந்தது. சங்கரி கட்டிலில் உட்கார்ந்து, நிறைமாத வயிற்றின் மேல் முறத்தை வைத்துப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து வந்த வயிறு. அந்தத் தெருவே அதற்காக வேண்டிக்கொண்டது.

"கழட்டிருங்க அண்ணாச்சி," என்றார் பிரமு அம்மாள். "கொத்தனாரு மத்தியானம் வாராரு. செங்கல் வச்சுப் பூசிரலாம்."

எங்கள் ஊரில் இடது கதவைக் கழற்றினால் அந்தக் கல்யாணம் முறிந்தது என்று அர்த்தம். மாப்பிள்ளை வீட்டார் வலது கதவைத் துணி சுற்றித் திருப்பி அனுப்பிவிட வேண்டும். மூன்று தலைமுறையில் நாலு ஜன்னல்தான் அப்படிப் பூசியிருக்கிறார்கள்.

"என்ன விஷயம்?" என்றேன்.

"என் மவ இங்க இருக்கா. நீங்களே பாக்குதீங்க. ஆனா ஜன்னல் தெனமும் கிறீச்சிடுது. காலைல அஞ்சு பத்துக்கு. இவ வளைகாப்பு முடிஞ்சு வந்த மறுநாள்லருந்து கேக்கேன். மொதல்ல மாமியாருன்னு நெனச்சேன். அந்தம்மா மதுரைல மூத்தவன் வீட்டுல இருக்காக. மாப்பிள்ளைன்னு நெனச்சேன். ரெண்டு துண்டா வரல. ஒரே இழுப்பு, மெதுவா. பொம்பளக் கை."

சங்கரி பூண்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கழட்டுங்க மாமா," என்றாள். "இந்த வயித்தோட நான் தெனமும் அதக் கேட்டுக்கிட்டு கெடக்க முடியாது."

அவள் உரித்த பூண்டும் தோலும் முறத்தில் ஒன்றாகக் கலந்து கிடந்தன. அவள் பிரிக்கக்கூட இல்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. என்றாலும் கூலிக்கு வந்தவன் நியாயம் பேசக்கூடாது. திருப்புளியை எடுத்தேன்.

கதவுக்கு மூன்று கீல், கீலுக்கு மூன்று திருகாணி. மேல் கீலில் முதல் திருகாணியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன்.

"ஒம்பது வருஷம்," என்றார் பிரமு அம்மாள், கதவைப் பார்த்தபடி. "ஒம்பது வருஷம் அஞ்சு பத்துக்கு எந்திரிச்சு அந்த வீட்டுக்கு உழைச்சா. ஒரு நாள் பிந்துனதில்ல."

இரண்டாவது திருகாணியையும் போட்டேன்.

"யாரும்மா?" என்றாள் சங்கரி.

"நீதான்."

"நான் எப்பம்மா அஞ்சு மணிக்கு எந்திரிச்சேன்? ஏழு மணிக்குத்தான் எந்திரிப்பேன். ஞாயித்துக்கிழமை எட்டு ஆயிரும். அவுகதான் காப்பி போட்டுட்டு வந்து எழுப்புவாக."

"பொய் சொல்லாத. ஜன்னல் பொய் சொல்லாது."

"சத்தியமாம்மா."

"அஞ்சு மணிக்கே எந்திரிக்காளே, கை ஓஞ்சு போவுமேன்னுதானட்டி வருஷா வருஷம் குக்கரும் மிக்ஸியும் வாங்கி அனுப்புனேன்!"

"அதான் அங்க மூணு குக்கர் கெடக்கு," என்றாள் சங்கரி.

மூன்றாவது திருகாணி என் கையில் இருந்தது. நான்காவதில் திருப்புளியை வைத்தேன். அது திரும்பவில்லை. என் கைதான் திரும்பவில்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், தை மாதத்தில், ஒரே முகூர்த்தத்தில் எங்கள் ஊரில் இரண்டு கல்யாணம். ஒன்று சங்கரிக்கு. சாத்தூரில் சேவுக் கடை வைத்திருக்கும் வேலாயுதத்துக்குக் கொடுத்தார்கள். இன்னொன்று மூன்று தெரு தள்ளியிருக்கும் குற்றாலலிங்கத்தின் மகள் செண்பகத்துக்கு. அவளை ராஜபாளையத்தில் கொடுத்தார்கள். இரண்டு ஜன்னலும் நான் செய்தவை. நான் எல்லா ஜன்னலும் ஒரே அளவில்தான் செய்வேன். ஒரு நூல் கூடக் குறைய இருந்தால் பெண் வீட்டார் ஒப்பிட்டுப் பேசுவார்கள். முதல் நாளே இரண்டு வலது கதவுகளையும் கழற்றி என் வீட்டில் கொண்டுவந்து சாத்தி வைத்திருந்தேன்.

பெண்ணோடு போகிற கதவில் பெயர் எழுதக்கூடாது. எழுதினால் அது பார்சல் மாதிரி ஆகிவிடும் என்பார்கள். அதனால் சங்கரியின் கதவில் மட்டும் அடையாளத்துக்குக் கொஞ்சம் மஞ்சள் தடவி வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் இரண்டு கதவிலும் மஞ்சள் இருந்தது. நாச்சியார் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். "அது மட்டும் என்ன பாவம் செஞ்சுது?" என்றாள். என்னால் அவளைத் திட்ட முடியவில்லை. தூக்கிப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன். முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது. இதுதான் என்று ஒன்றை எடுத்துச் சங்கரியின் காரில் வைத்தேன். சந்தேகம் அன்றைக்கே இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மாதிரி ஒன்பது வருஷம் மறைத்துவிட்டேன், அதுவும் என்னிடமிருந்தே.

மாட்டிக்கொண்டிருந்தால் முன்பே மாட்டிக்கொண்டிருப்பேன். ஆனால் முதல் பேறுகாலத்துக்கு வரும்வரை கட்டிக்கொடுத்த பெண் பிறந்த வீட்டில் ராத்தங்கக்கூடாது. தீபாவளி, கோயில் கொடை என்று எதற்கு வந்தாலும் பொழுது சாய்வதற்குள் போய்விடுவார்கள். ஜன்னலும் பெண்ணும் ஒரே வீட்டில் விடிந்தது இந்த முறைதான்.

பேசாமல் மீதி ஆறு திருகாணியையும் கழற்றிவிட்டுப் போயிருக்கலாம். ஒருவருக்கும் தெரிந்திருக்காது. சங்கரியின் மூக்கு நுனி சிவந்திருந்தது. நான் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னேன்.

பிரமு அம்மாள் கதவைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்போ அஞ்சு பத்துக்கு எந்திரிக்கது குத்தாலலிங்கம் மவளா?"

"ஆமா."

"சரி, இவ கதவு எங்கன சத்தம் போடுது?"

"அவரு வீட்டுல."

"அத நான் பாக்கணும்," என்றார். "ஒரு வாட்டி தப்பு பண்ணுன ஆளு சொல்லுதத வச்சு என் மவள அனுப்ப முடியாது."

நியாயம்தான். ஒரு பக்கம் தொங்கிய கதவை அப்படியே விட்டுவிட்டு மூன்று பேரும் ஒரே குடையில் புறப்பட்டோம். குடையில் பெரும்பங்கு சங்கரியின் வயிற்றுக்குப் போனது. நானும் பிரமு அம்மாளும் நனைந்தோம்.

குற்றாலலிங்கம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி, செண்பகத்தின் கல்யாணத்துக்கு முந்தின வருஷமே தவறிவிட்டார். அவர் வீட்டு வாசல்வரைக்கும் மழை பெய்தது. உள்ளே நல்ல வெயில். முற்றத்துக் கொடியில் துண்டு மொறமொறவென்று காய்ந்திருந்தது. சுவரில் தேதி கிழிக்கிற காலண்டரில் ஆவணி பதினொன்று. மகள் ஜன்னல் திறந்த சத்தம் கேட்ட பிறகுதான் அவர் அன்றன்றைய தாளைக் கிழிப்பார். ஆவணி பதினொன்று அன்று சத்தம் வரவில்லை. அதனால் அவர் வீட்டில் அது இன்னும் முடியவில்லை.

குடையை வாசலில் வைத்தோம். சங்கரி உள்ளே கால் வைத்ததும் அவள் வயிறு ஏழு மாதத்துக்குப் போய்விட்டது. முதுகை நிமிர்த்தி, "அப்பாடா," என்றாள்.

குற்றாலலிங்கம் ஜன்னலுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சட்டையை இஸ்திரி போட்டு, தலையைப் படிய வாரியிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

"வா மூர்த்தி. நானே ஆள் அனுப்பணும்னு இருந்தேன். கீலு அடச்சிருக்கோ என்னவோ, கொஞ்சம் பாரு. சத்தமே இல்ல."

"போன் பண்ணிப் பாத்தீங்களா?"

"பண்ணுனேன். 'நல்லா இருக்கேன்ப்பா'ங்கா. நல்லா இருக்கவ எதுக்கு ஜன்னலத் திறக்காம கெடக்கா? போய்ப் பாத்துட்டு வரலாம்னா பதினொண்ணாந்தேதி முடிய மாட்டேங்கு. முடியாம எப்படி பஸ் ஏறதுக்கு?" அவர் குரல் கீழே போனது. "அவளுக்கு என்னமோ ஆயிட்டுது மூர்த்தி. எனக்குத் தெரியுது."

காலண்டருக்குப் பக்கத்தில் கிழித்த தாள்களை ஒரு கம்பியில் கோத்து வைத்திருந்தார். ஒன்பது வருஷத் தாள்கள். ஒவ்வொன்றிலும் ஜன்னல் திறந்த நேரத்தை டைம் கீப்பர் எழுத்தில் எழுதியிருந்தார். சங்கரி அதை எடுத்து மடியில் வைத்துப் புரட்டினாள். 7.02. 6.58. 7.05. ஞாயிறு 8.10. தீபாவளியன்று 4.30.

"என் மவ ராணி மாதிரி தூங்கி எந்திரிப்பா," என்றார் குற்றாலலிங்கம். "தாயில்லாப் பிள்ளை, போன எடத்துலயாவது யாரும் விரட்டாம இருக்காங்களேன்னு நான் அந்த ஏழு மணிச் சத்தத்தக் கேட்டுத்தான் காப்பி குடிப்பேன்."

சங்கரி ஒரு தாளில் நின்றாள். மாசி மாதத்துத் தாள். 9.40 என்றிருந்தது. அவள் முகம் சிவந்தது. "முந்தின ராத்திரி நாங்க ரெண்டாம் ஆட்டம் சினிமா பாத்துட்டு வந்தோம்," என்று யாரையும் பார்க்காமல் சொன்னாள். கடைசித் தாளுக்கு வந்தாள். ஆவணி பத்து, 6.15.

"அம்மா, இது நான் கிளம்புன அன்னைக்கு. வளைகாப்புக்கு நேரத்தோட எந்திரிச்சேன்."

பிறகு குற்றாலலிங்கத்தைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்: "அதுக்குப் பெறகு ஒரு நாள்கூடத் திறக்கலையா, மாமா?"

"ஒரு நாள்கூட இல்ல தாயி."

"யாருமே திறக்கலையா?"

"யாருமே திறக்கல. நான் நாற்காலிய விட்டு எந்திரிக்கவே இல்ல."

சங்கரி அழுதாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, வயிறு குலுங்க, சந்தோஷத்தில் அழுதாள். அவளும் அழ, அவரும் அழ, நடுவில் நான் நின்றேன். தப்புச் செய்தவன் நிற்க வேண்டிய இடம் அதுதான். நின்றுகொண்டே குற்றாலலிங்கத்திடம் மஞ்சள் கதையைச் சொன்னேன்.

சங்கரி கண்ணைத் துடைத்துக்கொண்டு சாத்தூருக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் வைத்தாள்.

"என்ன சங்கரி, வலி எதுவும் கண்டுட்டா?" என்றது வேலாயுதத்தின் குரல். பின்னால் எண்ணெய்ச் சட்டியில் சேவு பொரியும் சத்தம்.

"அதெல்லாம் இல்ல. வீட்டுக்குப் போயி நம்ம ரூம் ஜன்னலத் திறங்க."

"எதுக்கு? தூசி வரும், பூட்டி வைன்னு நீதானே சொல்லிட்டுப் போன? அன்னைக்குப் பூட்டுனது. நான் கடையிலதான் படுக்கேன்."

"திறங்கன்னா திறங்களேன்."

நாங்கள் காத்திருந்தோம். கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு தெரு. அவர் ஓடுகிற மூச்சு போனில் கேட்டது. சாவி கேட்டது. பிறகு குற்றாலலிங்கத்தின் இடது கதவு, எங்கள் கண் முன்னால், கிறீச்சிட்டது. இரண்டு துண்டாக.

"மாப்பிள்ளைதான்," என்றார் பிரமு அம்மாள். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். "என் வாயில மண்ணப் போட. அந்தப் பிள்ளையப் போயி என்னெல்லாம் நெனச்சேன்."

குற்றாலலிங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆவணி பதினொன்றில் 11.25 என்று எழுதினார். தாளைக் கிழித்தார். பன்னிரண்டைக் கிழித்தார். பதின்மூன்று, பதினான்கு. ஒவ்வொரு தாளுக்கும் வெயில் கொஞ்சம் இறங்கியது. சங்கரி இடுப்பில் கையை ஊன்றினாள்.

"மெதுவாக் கிழிங்க," என்றார் பிரமு அம்மாள். "பிள்ளத்தாச்சி நிக்கா."

அவர் நின்று நின்று கிழித்தார். புரட்டாசி நடுவில் சங்கரிக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தோம். ஐப்பசி நாலு வந்தபோது முற்றத்தில் மழை விழுந்தது, கொடித் துண்டு நனைந்தது, சங்கரி பெரிய வயிற்றோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகுதான் அவர் கேட்டார்.

"என் மவ எத்தன மணிக்கு எந்திரிக்கா?"

பிரமு அம்மாள் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"அஞ்சு பத்துக்கு அண்ணே."

"தெனமுமா?"

"தெனமும்."

குற்றாலலிங்கம் கம்பியில் கோத்திருந்த தாள்களைத் தொட்டுப் பார்த்தார். ராணி மாதிரி தூங்கிய ஒன்பது வருஷம் அதில் இருந்தது.

"அவ அம்மாவும் அஞ்சு பத்துக்குத்தான் எந்திரிப்பா," என்றார். பிறகு, "எப்படித் திறக்கா?" என்றார்.

"மெதுவாத் தொடங்கும். பாதியில நூலா மெலியும். யாரையும் எழுப்பிரக்கூடாதுன்னு பாக்கா போல. அப்புறம் முழுசும் வரும். வெடுக்குன்னு ஒரு நாளும் வந்ததில்ல அண்ணே. நான் காது கொடுத்துத்தான் கேட்டிருக்கேன். வேல உண்டு. ஆனா அழுகை இல்ல. அது எனக்குத் தெரியும்."

அவர் தலையாட்டினார்.

"ஆறு வருஷத்துக்கு முன்னால ஒரு வாட்டி பத்து நாள் திறக்கவே இல்ல," என்றார் பிரமு அம்மாள். "எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அரிசிக் கஞ்சி, சுக்கு, கருப்பட்டி எல்லாம் கட்டிக்கிட்டு சாத்தூருக்கு ஓடுனேன். போய்ப் பாத்தா இவ குத்துக்கல்லு மாதிரி நின்னு தோசை சுடுதா."

"அப்பதான் செண்பகத்துக்குப் பிள்ளை பொறந்துது," என்றார் குற்றாலலிங்கம். "அம்மா இல்லாத வீட்டுக்கு எதுக்குன்னு பேறுகாலத்துக்கு இங்க வரல. ஆம்பள நான் போயி என்ன செய்ய?"

பிரமு அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சுக்கும் கருப்பட்டியுமா எடுத்துக்கிட்டு," என்றார், "தப்பான ஊருக்குப் போயிட்டேனே."

நான், இரண்டு வீட்டு இடது கதவுகளையும் மாற்றி மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும், ஒரு மணி நேர வேலை, இருட்டுவதற்குள் முடித்துத் தருகிறேன் என்றேன்.

"ஆனைக்கும் அடி சறுக்கும்னு விட்டாச்சு அண்ணாச்சி," என்றார் பிரமு அம்மாள். "மறுபடியும் சறுக்க வேண்டாம்."

குற்றாலலிங்கமும் வேண்டாம் என்றார். "ஒம்பது வருஷமா அவளுக்கு ஒரு அம்மா காது கொடுத்துக் கேட்டிருக்கா. அது அவளுக்கே தெரியாது. இப்ப அதப் போயிக் கழட்டச் சொல்லுதியா?"

"அப்போ உங்களுக்கு அண்ணே?" என்றார் பிரமு அம்மாள்.

"நான் காலைல வந்து கேட்டுக்கிடுதேன்."

மறுநாள் விடியும் முன்பே நான் பிரமு அம்மாள் வீட்டுக்குப் போய்விட்டேன். ஒரு பக்கம் தொங்கும் கதவை வைத்துக்கொண்டு அந்த மனிதர் மகளைக் கேட்கக்கூடாது. மூன்று திருகாணிகளையும் துடைத்து அதே ஓட்டைகளில் முடுக்கினேன். அடி விளிம்பில் மழைக்கு உப்பியிருந்ததை இரண்டு இழுப்பு இழைத்தேன். கீல் முள்ளை உருவித் துடைத்து அரைச் சொட்டு ஆயில் விட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்து பயந்து நான் வேலை செய்ததில்லை.

ஐந்து மணிக்குக் குற்றாலலிங்கம் வந்தார். கைக்கடிகாரம் கட்டியிருந்தார். ஜன்னலுக்குக் கீழே, பூசுவதற்கு அடுக்கியிருந்த செங்கல் மேல் துண்டை விரித்து உட்கார்ந்தார். பிரமு அம்மாள் அடுப்பைப் பற்றவைக்காமல் சமையல்கட்டு வாசலில் நின்றார். சங்கரி கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தாள், தூங்குகிற மாதிரி.

ஐந்து பத்துக்குக் கதவு தொடங்கியது. மெதுவாக. பாதியில் நூலாக மெலிந்தது. குற்றாலலிங்கம் மூச்சு விடாமல் முகத்தை நிமிர்த்தினார். பிறகு மீதியும் நீளமாக, நிதானமாக வந்து முடிந்தது.

"எந்திரிச்சிட்டா," என்றார் பிரமு அம்மாள்.

"எந்திரிச்சிட்டா," என்றார் குற்றாலலிங்கம். கடிகாரத்தைப் பார்த்தார். பையிலிருந்து பேனாவை எடுத்தவர் எழுதவில்லை. துண்டில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. இழைத்த தூள் விழுந்துவிட்டது என்று சொல்லிக் கொல்லைப் பக்கம் போய்விட்டேன்.

அன்றிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. ஐந்து பத்துக்கு அவர் இங்கே வந்து காப்பி குடிக்கிறார். ஏழு மணிக்குப் பிரமு அம்மாள் அங்கே போய், மாப்பிள்ளை திறக்கும் இரண்டு துண்டுச் சத்தத்தைக் கேட்டுவிட்டு மில்லைத் திறக்கிறார். வேலாயுதம் தினமும் திறக்கிறார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, சங்கரியும் சொல்லவில்லை. சிமெண்ட் மூட்டை மழையில் கல்லாகிவிட்டது. அதன் மேல் காப்பித் தம்ளரை வைக்கிறார்கள்.

எட்டாம் நாள் சங்கரிக்கு வலி வந்தது. பெண் குழந்தை. கேள்விப்பட்டதும் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு நானும், மஞ்சள் கிண்ணத்தோடு நாச்சியாரும் போனோம்.

பெண் பிறந்த வீட்டில் தானாக முளைக்கும் குட்டி ஜன்னல், தொட்டிலுக்கு எதிர்ச் சுவரில் வந்திருந்தது. ஒரு சாண்கூட இல்லை. இரண்டு கதவும் இறுக மூடி, ஓரத்தில் சுண்ணாம்பு இன்னும் ஈரமாக இருந்தது. கீல் முற்றவில்லை, வெற்றிலைக் காம்பு மாதிரி வளைந்து கொடுத்தது. உயரம் நாலரை அங்குலம், கதவுக்கு ஒன்றரை அங்குலம் அகலம். குறித்துக்கொண்டேன்; அவள் வளர்ந்ததும் அந்த இடத்தில்தான் நான் முழு அளவு ஜன்னல் செய்து பொருத்த வேண்டும். எண்ணெய் போடலாமா என்று பிரமு அம்மாள் கேட்டார். இந்த வயதுக்குத் தேங்காய் எண்ணெய்தான் நல்லது, தலைக்குத் தேய்க்கும்போது அதற்கும் ஒரு சொட்டு விடுங்கள் என்றேன்.

நாச்சியார் குனிந்து வலது கதவில் கொஞ்சம் மஞ்சள் தடவினாள். நிமிர்ந்தவள் இடது கதவைப் பார்த்தாள். அதிலும் தடவினாள். நான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன்.